அச்சு நழுவிய வண்டி

மச்சான் பள்ளத்தில் விட்ட வண்டியைத்தான் எனக்குக் கொடுத்தார்கள்.

ஐம்பதுகளின் பிற்பகுதி. இலங்கை மலையகத்தில் அக்கரப்பத்தனைப் பக்கம் எங்கள் தோட்டம். தோட்டத்துக்கு ஒரு லொறியும் ஒரு பிக்கப்பும் இருந்தன. லொறி தேயிலைக் கொழுந்து சுமந்தது. மற்றதெல்லாம் பிக்கப்பின் பாடு. தலவாக்கலை ஸ்டேஷனில் இறங்கும் அரிசி மூட்டை, தப்பால் பை, மருந்துப் பெட்டி, தோட்டத்தின் மேல் பிரிவான மேற்கணக்கு லயங்களிலிருந்து ஆஸ்பத்திரிக்குப் போகிற நோயாளி என்று காலையில் ஏறினால் பொழுது சாய்கிற வரைக்கும் அதற்கு ஓய்வு கிடையாது. ஜெர்மன் சண்டை முடிந்த கையோடு வாங்கிய வண்டி என்று சொல்வார்கள். பலகையெல்லாம் மாற்றி மாற்றி, பழைய வண்டியில் மிஞ்சியிருந்தது என்ஜினும் அடிச்சட்டமும்தான்.

மச்சான் என் மனைவியின் அண்ணன். எங்கள் கல்யாணத்துக்கு முன்பிருந்தே அந்த பிக்கப்பின் டிரைவர் அவர்தான். நான் லொறியில் கிளீனராக இருந்து லைசென்ஸ் எடுத்தவன். ஒரு மழை நாளில் மேற்கணக்கிலிருந்து இறங்கி வரும்போது, பாலத்துக்கு மேலே உள்ள வளைவில் வண்டி இடது பக்கம் பாய்ந்து, தேயிலைக்குள் இறங்கிக் குடைசாய்ந்தது. மச்சானுக்கு நெற்றியில் சிறு காயம். பின்னால் சாக்குக் கட்டின் மேல் உட்கார்ந்து வந்த ஓர் ஆளுக்குத் தொடை எலும்பு முறிந்தது. அவர் கவ்வாத்துக்காரர், தேயிலைச் செடிகளைக் கத்தியால் வெட்டிவிடும் வேலை. மலையில் வேகமாக ஏறி இறங்கும் மனிதர். ஆஸ்பத்திரியில் மாதக்கணக்கில் கிடந்து திரும்பி வந்தபோது ஒரு கால் குட்டையாகிவிட்டிருந்தது. அதன்பிறகு அவரால் மலைக்குப் போக முடியவில்லை. ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், உட்கார்ந்தபடி குச்சி பொறுக்கும் வேலைதான் கொடுத்தார்கள். அது பெண்கள் செய்கிற வேலை.

"பிரேக்க மிதிச்சேன் தொரை. வண்டி தானாத் திரும்பிருச்சு." தோட்டத்து மேலாளரான துரை நடத்திய விசாரணையில் மச்சான் சொன்னது இவ்வளவுதான். ஹட்டனில் ஒரு கராஜில் பிரேக்கைப் பரிசோதித்தார்கள். பிரேக் நன்றாகவே இருந்தது. அப்படியானால் வேகமாக வந்திருக்கிறான் என்று முடிவானது. துரை அவரை ஸ்டோரின் என்ஜின் ரூமுக்கு எண்ணெய் போடும் ஆளாக அனுப்பினார். தோட்டத்து வண்டி எதிலும் இனிமேல் கை வைக்கக் கூடாது என்பது உத்தரவு. வண்டிச் சாவி எனக்கு வந்தது.

நான் அந்த வேலையைக் கேட்டு வாங்கவில்லை. கூப்பிட்டுக் கொடுத்தபோது வேண்டாமென்றும் சொல்லவில்லை. மச்சானுக்கு அந்த இரண்டாவதுதான் கண்ணில் பட்டது. ஒரே லயத்து வரிசை வீடுகளில் அவர் இந்தக் கோடி, நாங்கள் அந்தக் கோடி. என்னைக் கண்டால் பீலிக்கரையில் தண்ணீர் பிடிப்பதைப் பாதியில் நிறுத்திவிட்டுப் போவார். என் மனைவி அண்ணன் வீட்டுக்குப் பலகாரம் கொண்டுபோனால் வாங்கிக்கொள்வார்கள். அண்ணன் மட்டும் உள்ளே எழுந்து போய்விடுவார். அவள் திரும்பி வந்து அடுப்பைப் பற்றவைப்பாள். இப்படியே ஒரு வருஷத்துக்கும் மேல் ஓடிற்று.

ஆனி மாதத்து மழை பிடித்துக்கொண்ட சமயம் அந்தச் சத்தம் தொடங்கியது.

நின்ற வண்டியை முதல் கியரில் எடுக்கும்போது அடியில் 'டொக்' என்று ஒரு தட்டு. கிளட்சை விட்ட மறுகணம், யாரோ கீழேயிருந்து மரச் சுத்தியலால் ஒரு தடவை அடித்ததுபோல. ஓடத் தொடங்கிவிட்டால் ஒன்றும் இருக்காது. ஆக்சிலரேட்டர் பெடலிலிருந்து காலை எடுத்தால் மறுபடி ஒரு 'டொக்'. முதலில் மேற்கணக்கு ஏற்றத்தில் மட்டும் கேட்டது. பிறகு ஸ்டோர் மேட்டில். பிறகு ஆபீஸ் வாசலில் சும்மா எடுத்தாலும் கேட்டது.

இந்த மாதிரிச் சத்தத்துக்கு எல்லோரும் முதலில் கைகாட்டுவது புரொப்பெல்லர் ஷாப்ட்டைத்தான். என்ஜினின் சுழற்சியைப் பின் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் நீளக் குழாய் அது. அதன் இரண்டு முனையிலும் சிலுவை மாதிரி ஜொயின்ட் இருக்கும். தேய்ந்தால் ஆடும், ஆடினால் தட்டும். துரையிடம் சொல்லி வண்டியை ஹட்டனுக்குக் கொண்டுபோனேன். கராஜ்காரர் படுத்துப் பார்த்தார், கையால் முறுக்கிப் பார்த்தார், "ஜொயின்ட் போயிருச்சு" என்றார். பழைய சிலுவைகளைக் கழற்றிப் புதுசு போட்டார். பழையதைக் கையில் வாங்கிப் பார்த்தேன். தேய்ந்துதான் இருந்தது. நிம்மதியோடு கிளம்பினேன். கொட்டகலை தாண்டி ஒரு மாட்டுக்காக நிறுத்தி மறுபடி எடுத்தபோது 'டொக்' என்றது.

மறுநாள் துரை ஆபீஸ் படியில் நின்றுகொண்டிருந்தார். நான் வண்டியை எடுத்தேன். அவர் புருவம் உயர்ந்தது.

"என்ன டிரைவர்? புது சாமான் போட்டது. சத்தம் போகலையா?"

"போகலைங்க தொரை. வேற எங்கயோ இருக்கு. பாக்குறேன்."

"சீக்கிரம் பாரு. மழையில எனக்கு வண்டி வேணும்."

கியர் பொக்ஸைத் தாங்கும் ரப்பரைப் பார்த்தேன். சக்கர நட்டுகளை இறுக்கினேன். கிரீஸ் போட வேண்டிய இடமெல்லாம் போட்டேன். ஒவ்வொன்றும் முடிந்து சீட்டில் ஏறி கிளட்சை விடும்போது காதைத் தீட்டிக்கொள்வேன். அந்தத் தட்டு தவறாமல் வரும். கனவில்கூட அதைக் கேட்டதாக என் மனைவியிடம் சொன்னேன். அவள் அரிசி களைந்துகொண்டே, "அண்ணன கேக்கலாம்ல?" என்றாள். நான் துண்டை உதறிக்கொண்டு வெளியே போனேன்.

அந்த வாரமே அது நடந்தது. மேற்கணக்கிலிருந்து இறங்கி வருகிறேன். பின்னால் ஐந்தாறு பெண்கள், ஒருத்தி கையில் காய்ச்சல்காரக் குழந்தை. டிஸ்பென்சரிக்குப் போகிறவர்கள். மழை விட்டு, மூடுபனி இறங்கியிருந்தது. வளைவுக்கு முன்னால் எப்போதும்போல் பிரேக்கை மிதித்தேன். அடியில் 'டொக்' என்றது. அதே கணத்தில் வண்டியின் மூக்கு இடது பக்கம் திரும்பியது. நான் திருப்பவில்லை. ஸ்டியரிங் என் கையில் நேராகத்தான் இருந்தது. வண்டி மட்டும் தன் இஷ்டத்துக்கு ஓரத்தைப் பார்த்துப் போகிறது. வலப் பக்கம் ஒடித்தேன், பிரேக்கை விட்டேன், மறுபடி மிதித்தேன். முன் சக்கரம் ரோட்டோரத்துத் தண்ணீர்க் கானுக்குள் இறங்கி, கருங்கல்லில் முட்டி நின்றது. கானுக்கு அந்தப் பக்கம் பனிதான் தெரிந்தது. அதற்குக் கீழே என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

பின்னாலிருந்து ஒருத்தி அழுதாள். "ஐயோ, இவனும் எங்கள கொல்லப் பாத்தானே!" என்று இன்னொருத்தி கத்தினாள்.

இவனும் என்றாள். அந்தச் சொல் என்னைக் குத்தியது. ஸ்டியரிங்கைப் பிடித்த விரல்களைப் பிரிக்க முடியாமல் உட்கார்ந்திருந்தேன். 'வண்டி தானாத் திரும்பிருச்சு தொரை.' மச்சான் சொன்னபோது நானும் நம்பாதவன்தான்.

பெண்களை நடந்து போகச் சொல்லிவிட்டு, வெறும் வண்டியை முதல் கியரில், பிரேக்கையே தொடாமல் இறக்கிக்கொண்டுவந்து ஸ்டோர் வாசலில் நிறுத்தினேன். நேராக என்ஜின் ரூமுக்குப் போனேன். மச்சான் எண்ணெய்க் குவளையோடு நின்றிருந்தார். பெல்ட் ஓடும் இரைச்சலில் கத்தித்தான் பேச வேண்டியிருந்தது.

"மச்சான், வண்டி தானாத் திரும்புது."

அவர் என்னைப் பார்த்தார். குவளையைக் கீழே வைத்தார். வெளியே வந்தார். நான் பின்னால் போனேன்.

"இப்ப எதுக்கு எங்கிட்ட வர்றே?"

"அடியில தட்டுது. பிரேக் மிதிச்சா இடது பக்கம் இழுக்குது. நீங்க சொன்ன மாதிரியேதான்."

"தட்டுதுன்னு நீ சொல்லித்தான் எனக்குத் தெரியணுமா? தெனம் நீ இந்த மேட்டுல ஏத்துறப்ப இங்க நின்னு கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "கேட்டுக்கிட்டு இருந்தீங்களா? இன்னைக்குப் பொம்பளைங்க செத்திருப்பாங்க. நான் செத்திருப்பேன். ஒங்க தங்கச்சி தாலி அறுத்திருப்பா. ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

"நான் சொன்னப்ப யாருடா கேட்டீங்க?" அவர் குரல் உடைந்துபோனது. "ஒரு ஆளு நம்புனீங்களா? நீ நம்புனியா?"

மறுபடி பிடித்துக்கொண்ட மழையில் இரண்டு பேரும் நின்றோம். அவர் எண்ணெய்க் கையைத் துண்டில் துடைத்தார்.

"ஞாயித்துக்கெழம என்ஜின் நிக்கும். வெறகுக் கொட்டிலுக்குக் கொண்டா. அதுவரைக்கும் ஆள ஏத்தாத."

"ஒங்களுக்கு வண்டியில கை வைக்கத் தடை இருக்கே மச்சான்."

"தெரியும். கொண்டா."

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஸ்டோருக்குப் பின்னாலிருக்கும் விறகுக் கொட்டிலில் வண்டியை விட்டேன். மச்சான் முதலில் புரொப்பெல்லர் ஷாப்ட்டைப் பிடித்து இப்படியும் அப்படியும் முறுக்கினார். புது ஜொயின்ட், ஆட்டமில்லை. பின் அச்சின் நடுவே உள்ள டிபரன்ஷியலில் கொஞ்சம் ஆட்டம் இருந்தது. பழைய வண்டிக்கு அது சகஜம், இவ்வளவு பெரிய சத்தம் போடாது என்றார். பிறகு பின்சக்கரங்களின் முன்னும் பின்னும் பெரிய விறகுக் கட்டைகளை அண்டை கொடுத்தார்.

"நான் கீழ படுக்கிறேன். நீ ஸ்டார்ட் பண்ணி மொதக் கியருல கிளட்ச கொஞ்சமா விடு. கட்டையில முட்டுனதும் அமுத்திரு. பொறகு ரிவர்ஸ். பொறகு மறுபடி மொதக் கியரு."

"ஹேண்ட் பிரேக் போட்டுக்கிறேன்."

"போடாத. பிரேக் புடிச்சிருந்தா எது ஆடுதுன்னு தெரியாது. எடுத்து விடு."

"மச்சான், கட்டை வழுக்குனா?"

அவர் ஏற்கெனவே சாக்கை விரித்துப் படுத்துவிட்டார். வண்டிக்கு அடியில், பின் அச்சுக்குப் பக்கத்தில் அவர் தலை. வெளியே தெரிந்தது முழங்காலுக்குக் கீழே உள்ள கால்கள் மட்டும்தான். ஒரு வருஷமாக என்னோடு பேசாத மனிதர், ஹேண்ட் பிரேக் இல்லாத வண்டியின் அடியில், என் இடது காலை நம்பிப் படுத்திருந்தார்.

செருப்பைக் கழற்றிப் போட்டேன். ஈரமாக இருந்த பாதத்தை இடுப்புச் சாரத்தில் துடைத்துக்கொண்டேன். ஸ்டார்ட் பண்ணினேன். கிளட்சைப் பொட்டுப் பொட்டாக விட்டேன். வண்டி கட்டையில் முட்டி முக்கியது. 'டொக்.'

"ரிவர்ஸ்!"

போட்டேன். 'டொக்.'

"மறுபடி!"

முன்னால், பின்னால், முன்னால். நாலைந்து தடவைக்குப் பிறகு ரிவர்ஸில் விட்டபோது இடது பக்கத்துக் கட்டை ஈர மண்ணில் வழுக்கி ஓடியது. வண்டி பின்னுக்கு நகர்ந்தது. ஒரு சாண் இருக்குமோ, அதற்கும் குறைவோ. கிளட்சையும் பிரேக்கையும் ஒரேயடியாக மிதித்து, சாவியைத் திருகினேன். என்ஜின் நின்றது.

அடியில் சத்தமே இல்லை.

"மச்சான்?"

குனிந்து பார்க்கவும் முடியாது, கால் இரண்டும் பெடலில்.

"மச்சான்!"

"கத்தாத." குரல் நிதானமாக வந்தது. "கால எடுத்துராத. அப்படியே இரு. கண்டுபுடிச்சிட்டேன்."

ஹேண்ட் பிரேக்கைப் போட்டுக் கட்டையைத் திரும்ப அண்டை கொடுத்த பிறகு நானும் அடியில் புகுந்தேன். மச்சான் லாந்தரை உயர்த்திக் காட்டினார். வலது பின் ஸ்பிரிங். இரும்புப் பட்டைகளை அடுக்கிச் செய்த வில் அது. அதன் நடுவில்தான் பின் அச்சு உட்கார்ந்திருக்கும். வளைந்த இரண்டு யூ போல்ட்டுகள் அதைக் கட்டிப் பிடித்திருக்கும். அச்சு உட்கார்ந்திருக்கும் இடத்தைச் சுற்றிலும் செங்கல் பொடி மாதிரி துரு கொட்டியிருந்தது. மற்ற இடமெல்லாம் சேறு அப்பிக் கிடக்க, அச்சுக்கு முன்னால் ஒரு விரல் அகலத்துக்கு மட்டும் இரும்பு பளபளவென்று மின்னியது. அங்கே எதுவோ நாள்தோறும் உராய்ந்திருக்கிறது.

"பாத்தியா? அச்சு ஒக்காந்த எடத்துல நிக்கல. கியரு போட்டா முன்னுக்குப் போகுது, பிரேக் போட்டா பின்னுக்கு நழுவுது. வலப் பக்கம் மட்டும் நழுவுறதால பின்சக்கரம் ரெண்டும் கோணிக்குது. வாலு வலப் பக்கம் போனா மூக்கு எங்க போகும்?"

"எடது பக்கம்."

"அதான்."

யூ போல்ட் நட்டுகள் கைவிரலால் திருகுகிற அளவுக்குத் தளர்ந்திருந்தன. சட்டத்தை ஜாக்கியில் தூக்கி அவற்றைக் கழற்றினோம். ஸ்பிரிங் பட்டைகளை ஊடுருவிப்போய் அச்சின் குழியில் தலையை வைத்திருக்க வேண்டிய நடு போல்ட் இரண்டு துண்டாகக் கிடந்தது. தலைத் துண்டு குழியிலிருந்து மச்சானின் உள்ளங்கையில் விழுந்தது. அவர் அதை மண்ணெண்ணெயில் கழுவினார். முறிந்த முகத்தைத் திருப்பிப் பார்த்தார். புதிதாக முறிந்த இரும்பு சாம்பல் நிறத்தில் மினுங்கும். இது முகம் முழுக்கக் கறுத்து, துருவேறி, விளிம்பெல்லாம் மழுங்கியிருந்தது.

"இது இன்னைக்கி நேத்து ஒடஞ்சதில்ல," என்றேன். "அப்ப கராஜுல நட்ட மட்டும் இறுக்கிருக்கானுங்க, அதான் ஒரு வருஷம் தட்டாம ஓடிச்சு."

மச்சான் விறகின் மேல் உட்கார்ந்துவிட்டார். அந்தத் துண்டைப் பெருவிரலால் தேய்த்துக்கொண்டே இருந்தார். அழுகிறாரா என்று பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை.

அந்த நேரத்தில்தான் கொட்டில் வாசலில் குடை மடக்கும் சத்தம் கேட்டது. டீ மேக்கர் ஐயா. ஸ்டோருக்கே பொறுப்பானவர். கழற்றிப் போட்ட சாமான்களையும், மச்சானின் எண்ணெய்க் கைகளையும், என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ரெண்டு பேரும் வேலைய எழந்துட்டுப் போகப் போறீங்களாடா?"

"இல்லீங்கையா," என்றேன். "வண்டியில கோளாறு."

"கோளாறுன்னா ஹட்டனுக்குக் கொண்டு போ. இவன் எதுக்குத் தொட்டான்? நான் கண்ண மூடிக்கிட்டா நாளைக்கி என்னையத்தான் தொரை கேப்பாரு."

அவர் போய்விட்டார். நான் ஸ்பானரைக் கீழே போட்டேன். மச்சான் மட்டும் எழுந்து, பழைய சாமான் குவியலிலிருந்து அதே தடிமனில் ஓர் உருக்கு போல்ட்டைத் தேடி எடுத்தார். "எப்படியும் சொல்லத்தான் போறாரு. வண்டியவாவது ஒழுங்காப் பூட்டிருவோம்" என்றார். இருட்டுவதற்குள் பூட்டினோம். நட்டுகளை நீளக் குழாய் மாட்டி, இரண்டு பேரும் தொங்கி இறுக்கினோம். வண்டியை எடுத்தேன். முன்னால் விட்டேன், பின்னால் விட்டேன். மழைச் சத்தம்தான் கேட்டது.

மறுநாள் காலையில் பெரட்டுக் களத்தில் ஆட்களுக்கு வேலை பிரித்துக்கொண்டிருக்கும்போதே ஆள் வந்துவிட்டது. இரண்டு பேரும் ஆபீஸுக்கு. துரை மேசைக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். அவர் உட்காராமல் பேசினால் கோபத்தில் இருக்கிறார் என்று அர்த்தம்.

"நான் என்ன சொன்னது? வண்டி தொடக் கூடாது சொன்னதா இல்லையா?"

மச்சான் போல்ட் துண்டுகளை மேசையில் வைத்தார். நான்தான் சொன்னேன். பெண்களோடு கானில் இறங்கியதிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். துரை துண்டை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் வெகுநேரம் பார்த்தார். வண்டி தெரிந்த மனிதர் அவர். சொன்னது அவருக்குப் புரிந்தது.

"பழைய முறிவு. சரி," என்றார். "ஆனா ஒண்ணு கேக்குறேன். இது ஒடைஞ்சு வண்டி விழுந்ததா? வண்டி விழுந்து இது ஒடைஞ்சதா?"

நேற்று முழுவதும் அந்தக் கேள்வி எங்களுக்குத் தோன்றவே இல்லை. வண்டி குடைசாய்ந்த அடியிலும் அது முறிந்திருக்கலாம்தான். அதற்குப் பிறகான ஒரு வருஷத் துருவும் இப்படித்தான் இருக்கும்.

"விழுறதுக்கு முந்தியே சத்தம் இருந்துச்சுங்க தொரை. அன்னைக்கி சொல்லப் பயந்துட்டேன்," என்றார் மச்சான்.

"அந்தச் சத்தம் வேற யார் கேட்டது?"

மச்சான் தலையைக் குனிந்துகொண்டார். "வண்டியில வந்த ஆளு ஒருத்தருதான்."

"போய்க் கேளு. இல்லேன்னா ரெண்டு பேருக்கும் சீட்டு."

வேலையை விட்டு அனுப்பும் சீட்டைத்தான் சொன்னார். வேலை போனால் குடியிருக்கும் லயத்துக் காம்பராவும் போகும்.

கவ்வாத்துக்காரரின் காம்பரா கீழ்க்கணக்கு லயத்தில் இருந்தது. அன்றைக்கு அவர் கால் வலியென்று வேலைக்குப் போகவில்லை. வழியெல்லாம் மச்சானின் நடை தளர்ந்துகொண்டே வந்தது. லயத்துக்கு முன்னால் நின்றுவிட்டார். "நீ போய்க் கேட்டுட்டு வா மாப்புள. எனக்கு முடியாது." ஒரு வருஷத்துக்குப் பிறகு அவர் என்னை அப்படிக் கூப்பிட்டார். "நீங்கதான் வரணும்" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன்.

கவ்வாத்துக்காரரின் மனைவி மத்தியானச் சோற்றுக்கு மலையிலிருந்து வந்திருந்தாள். மச்சானைக் கண்டதும் வாசலை மறித்து நின்றாள். "இன்னும் என்ன மிச்சம் இருக்குன்னு வந்தே? இன்னொரு காலையும் எடுத்துக்கிட்டுப் போகவா?"

மச்சான் அப்படியே திரும்பினார். உள்ளேயிருந்து குரல் வந்தது. "யாரு? உள்ள வரச் சொல்லு."

அவர் கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். மச்சானைப் பார்த்த பார்வையில் கோபம் இருந்ததா என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. மச்சான் வாசலுக்கு உள்ளே வராமலே நின்றார். நான்தான் கேட்டேன்.

"அண்ணே, அன்னைக்கி வண்டி விழுறதுக்கு முந்தி பின்னால ஏதாச்சும் சத்தம் கேட்டீங்களா?"

"சத்தமா? அடியிலேர்ந்து இடிச்சிக்கிட்டே வந்துச்சே. மேக்கணக்குல எடுத்ததுலேர்ந்து." மச்சானைப் பார்த்துச் சொன்னார். "நான் பலகையத் தட்டி ஒன்னையக் கேட்டேன்ல, 'என்னாப்பா அடியில மாடு முட்டுற மாதிரி முட்டுது'ன்னு? 'பாலத்துக்கிட்ட நிப்பாட்டிப் பாக்குறேண்ணே'ன்னு சொன்னே. பாலத்துக்கு எங்க வந்து சேந்தோம்?"

"இத ஏன்ணே அப்பவே சொல்லல?" என்றேன்.

"எங்கிட்ட யாரு கேட்டா? நான் ஆஸ்பத்திரியில கெடந்தேன். திரும்பி வர்றதுக்குள்ள எல்லாம் பேசி முடிச்சிட்டீங்க." மச்சானைக் கைகாட்டி, "இவனாச்சும் வந்து பாப்பான்னு நெனச்சேன்," என்றார்.

மச்சான் வாசற்படியிலேயே குந்திவிட்டார். முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். அந்த அம்மா கணவனையும் மச்சானையும் மாறி மாறிப் பார்த்தாள். அவள் முகம் இளகவில்லை. ஆனால் மறித்து நின்ற இடத்திலிருந்து விலகி, அடுப்படிக்குப் போய்விட்டாள்.

"ஒடஞ்ச காலு ஒடஞ்சதுதான்," என்றார் அவர், கட்டிலிலிருந்து இறங்கத் தடியைத் தேடிக்கொண்டே. "அதுக்காக நீ செய்யாதத செஞ்சேன்னு நான் சொல்ல முடியுமா? வாங்க, தொரைகிட்டப் போவோம்."

அவரை பிக்கப்பில்தான் ஏற்றிக்கொண்டு போனேன். முன்னால் உட்காரச் சொன்னேன். ஏறும்போது ஒரு கணம் தயங்கினார், பிறகு ஏறினார். துரையின் முன்னால் நின்று, எங்களிடம் சொன்னதை ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் சொன்னார். துரை கேட்டு முடித்து, குழாயில் புகையிலையைத் திணித்தார். வெளியே வந்தார். பிக்கப்பின் இடது கதவைத் திறந்து உட்கார்ந்தார்.

"டிரைவர், சாவி அவன்கிட்ட குடு," என்று மச்சானைக் காட்டினார். "மேற்கணக்குக்குப் போ. அந்த வளைவு வழியா எறங்கு."

மச்சானிடம் சாவியைக் கொடுத்தேன். அவர் கை பனிக்கட்டி மாதிரி இருந்தது. அந்த வளைவில் விழுந்ததிலிருந்து அவர் ஸ்டியரிங்கைத் தொடவில்லை. வண்டி ஆபீஸ் மேட்டில் ஏறி, பனிக்குள் மறைந்தது.

நானும் கவ்வாத்துக்காரரும் ஆபீஸ் படியில் நின்றோம். நான் மனசுக்குள் வண்டியோடு போய்க்கொண்டிருந்தேன். இந்நேரம் குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளைக்காம்பராவைத் தாண்டியிருக்கும். இந்நேரம் திருப்பியிருக்கும். இந்நேரம் இறக்கம். போல்ட் பழைய சாமான் குவியலிலிருந்து எடுத்தது. நாங்கள் இறுக்கியது போதுமா? அவர் கை நடுங்கினால்? கவ்வாத்துக்காரர் தடியில் சாய்ந்து காதைக் கூர்மையாக்கிக்கொண்டு நின்றார். "பாலத்துல பலகை சத்தம் கேக்கும்," என்றார். வெகுநேரம் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு தூரத்தில் கடகடவென்று பாலத்துப் பலகைகள் அதிர்ந்தன. அவர் ஒரு பெருமூச்சு விட்டார். நான் படியில் உட்கார்ந்தேன்.

துரை இறங்கி வந்து சொன்ன வார்த்தைகள் கொஞ்சம்தான். மச்சான் மறுபடியும் பிக்கப்புக்கு. நான் என்ஜின் ரூமுக்கு. லொறி டிரைவருக்கு லீவு வந்தால் லொறிக்கு நான். விசாரணையில் தவறு நடந்தது என்று அவர் வாயால் சொல்லவில்லை. கவ்வாத்துக்காரருக்கு ஸ்டோரில் காவல்காரர் வேலை கொடுக்கச் சொன்னார். குச்சி பொறுக்குவதைவிட அது அவருக்கு மரியாதையாக இருந்தது.

நியாயம் நடந்துவிட்டதென்று எல்லோரும் சொன்னார்கள். எனக்கு வருத்தமில்லை என்று சொன்னால் அது பொய். தப்பால் பையோடு தலவாக்கலைக்குப் போகும் அந்தக் காலை நேரங்கள் எனக்குப் பிடித்திருந்தன. என்ஜின் ரூமில் பெல்ட்டைப் பார்த்துக்கொண்டு எண்ணெய்க் குவளையோடு நின்ற முதல் வாரம், ஸ்டோர் மேட்டில் பிக்கப் ஏறும்போதெல்லாம் என்னை அறியாமல் காது அங்கே போனது. என் மனைவியும் அண்ணனுக்காகச் சந்தோஷப்படவா, எனக்காக வருத்தப்படவா என்று தெரியாமல் திண்டாடினாள்.

அந்த வாரக் கடைசியில் சாயந்தரம், மச்சான் எங்கள் காம்பரா வாசலுக்கு வந்தார். உள்ளே வா என்று தங்கை கூப்பிட்டும் வராமல், முன்தாழ்வாரத்து இஸ்தோப்புத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் அவர் பேசட்டும் என்று இருந்தேன். அவர் நான் பேசட்டும் என்று இருந்தார். மழை தகரத்தில் அடித்தது.

"மாப்புள," என்றார் கடைசியில். "நான் முன்ன ஓட்டுனப்ப இல்லாம, இப்ப மூணாவது கியரு முரண்டு புடிக்குதே. நீ எப்படிப் போட்டே?"

"ஒரேயடியாத் தள்ளாதீங்க மச்சான். நியூட்ரல்ல ஒரு மூச்சு நிறுத்திட்டுப் போடுங்க. தானா உள்ள போகும்."

"ஒரு மூச்சா?"

"ஒரு மூச்சு."

அவர் காற்றிலேயே கையை வைத்து அந்தக் கியரைப் போட்டுப் பார்த்தார். தலையை ஆட்டினார். என் மனைவி அதற்குள் தேத்தண்ணிக் கோப்பையைக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்துவிட்டாள். அவர் அதைக் குடித்து முடிக்கிற வரைக்கும் நின்றார். பிறகு உட்கார்ந்தார்.